மூச்சுவழியின் ஒடுக்கம்: தேயிலைத் தொழிலாளரின் ஈளைநோய் குறித்துச் சில குறிப்புகள்

1. தோற்றுவாய்

மனித உடலைக் குழாய்களும் வாயில்களும் நிறைந்த ஓர் அமைப்பு எனக் கூறின் அது மிகையாகாது. குருதி நாளங்கள் வழியாக ஓடுகின்றது. மூச்சு மார்புக்குழாய்கள் வழியாகச் சென்று மீள்கின்றது. உணவும் கழிவும் தத்தமக்குரிய வழிகளிற் செல்கின்றன. இவ்வழிகளுள் யாதேனும் ஒன்று இயல்புக்கு மாறாக ஒடுங்குமிடத்து நோய் தோன்றுகின்றது. வாதக்காய்ச்சலின் விளைவாக இதயத்தின் வால்வு ஒடுங்குவதும், கொழுப்புப் படிவால் இதயத்தின் நாடிகள் ஒடுங்குவதும், ஈளைநோயில் மூச்சுக்குழாய்கள் ஒடுங்குவதும் இவ்வகையின. மருத்துவ நூல்கள் இவற்றைத் தனித்தனி அத்தியாயங்களில் ஆராயும். ஆயின், எவருடைய வழி ஒடுங்குகின்றது, எத்தகைய சூழலில் ஒடுங்குகின்றது என்னும் வினாக்களை எழுப்பும்போது நாம் மருத்துவத்தின் எல்லையைக் கடந்து சமூகவியலின் எல்லைக்குள் நுழைந்துவிடுகின்றோம்.

மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களில், குறிப்பாக நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில், மூச்சுவழி ஒடுங்கும் நோய் எவ்வாறு தோன்றுகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் முதல் நோக்கம். அந்நோய்க்கு நாம் வழங்கும் பெயர்களும் விளக்கங்களும் எதனை வெளிப்படுத்துகின்றன, எதனை மறைக்கின்றன என்று காட்டுவது இரண்டாவது நோக்கம். இலக்கிய மாணவன் ஒருவன் மருத்துவம் பற்றிப் பேசலாமோ என்ற ஐயம் எழக்கூடும். நோய்க்குப் பெயரிடுவது சொல்லின் பணி. ஒரு சமூகம் தன் துன்பத்தை எச்சொல்லாற் சுட்டுகின்றது என்பதை ஆராய்தல் இலக்கிய மாணவனுக்கு அந்நியமான பணியன்று.

2. ஒடுக்கம் நிகழும் முறை

தொண்டைக்குக் கீழே செல்லும் மூச்சுக்குழல் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மீண்டும் மீண்டும் பிரிந்து, இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைக் கிளைகளாகி, ஈற்றில் நுண்ணிய காற்றறைகளில் முடிவடைகின்றது. தலைகீழாக நின்ற மரமொன்றினை இவ்வமைப்புக்கு உவமை கூறலாம். சிறிய கிளைகளின் சுவரில் வளையம்போல் மென்தசை சூழ்ந்துள்ளது; உட்புறத்தே சளிச்சவ்வு படர்ந்துள்ளது.

ஈளைநோயில் மூன்று மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. தசை இறுகிக் குழாயை நெரிக்கின்றது. சவ்வு அழற்சியுற்று வீங்குகின்றது. தடித்த சளி சுரந்து எஞ்சிய இடத்தையும் அடைக்கின்றது. இவற்றின் கூட்டுவிளைவு பாரதூரமானது. குழாயொன்றினூடாகச் சீராகச் செல்லும் பாய்பொருளுக்கு ஏற்படும் தடை, குழாயின் ஆரையின் நான்காம் அடுக்கோடு தலைகீழ்த் தொடர்புடையது என்பது பௌதிகவியலாளர் அறிந்த விதியாகும். அதாவது, ஆரை பாதியாகக் குறையின் தடை இரு மடங்காவதன்று, பதினாறு மடங்காகின்றது. அளவிற் சிறிதாகத் தோன்றும் ஒடுக்கமும் மூச்சு விடுதலைப் பெரும் உடலுழைப்பாக மாற்றிவிடுவதற்கு இதுவே காரணம். முன்னரே எட்டு மணிநேரம் உடலால் உழைத்த ஒருவருக்கு மூச்சு விடுவதும் மற்றோர் உழைப்பாகிவிடுகின்றது.

உள்மூச்சின்போது மார்பு விரிவதனாற் குழாய்களும் சற்று விரிகின்றன. வெளிமூச்சின்போது அவை சுருங்குகின்றன. எனவே ஈளைநோயாளர் காற்றை உள்ளிழுப்பதிலும் பார்க்க வெளியேற்றுவதிலேயே கூடுதலாக இடர்ப்படுகின்றார். ஒடுங்கிய வழியால் வெளியேறும் காற்று எழுப்பும் சீழ்க்கை போன்ற ஒலியை நம்மவர் 'இரைப்பு' என்றனர். 'இழுப்பு', 'முட்டு', 'தொய்வு' என்பன பேச்சு வழக்கிலுள்ள பெயர்கள். ஈளை, சுவாசகாசம் என்பன சித்த மருத்துவ நூல்கள் வழங்கும் பெயர்கள். இப்பெயர்கள் யாவும் நோயாளியின் உடலில் நிகழ்வதை நுட்பமாக வருணிக்கின்றன. அது எங்கிருந்து வந்தது என்பதை அவற்றுள் ஒன்றும் கூறுவதில்லை.

இங்கு ஒரு வேறுபாட்டையும் மனங்கொள்ளுதல் வேண்டும். ஈளையில் ஏற்படும் ஒடுக்கம் பெரும்பாலும் மீளக்கூடியது. தூண்டும் பொருள் நீங்கினாலோ மருந்து கொடுக்கப்பட்டாலோ குழாய் மீண்டும் விரியும். ஆனால், புகையும் தூசும் ஆண்டுக்கணக்காகத் தாக்குமிடத்துக் குழாயின் சுவர் தடித்து, வடுப்பட்டு, நுரையீரலின் மென்திசுக்களும் அழிந்து, மீளாத ஒடுக்கம் நிலைபெறுகின்றது. முதலாவது நிலையில் தடுக்கக்கூடியது இரண்டாவது நிலையில் தடுக்கவியலாததாகின்றது. காலந்தாழ்த்திய நோய் நிர்ணயம் என்பது இவ்விரு நிலைகளுக்குமிடையே ஓர் உழைப்பாளியின் ஆயுள் கழிந்துவிடுவதையே குறிக்கும்.

3. கொழுந்து தூசாகும் இடம்

தேயிலை உற்பத்தியின் படிமுறையை நோக்குவோம். மலையிற் கொய்யப்பட்ட கொழுந்து தொழிற்சாலைக்கு, தோட்ட வழக்கிற் கூறின் 'ஸ்டோருக்கு', கொண்டுவரப்படுகின்றது. அங்கு அது வாட்டப்பட்டு, உருட்டப்பட்டு, நொதிக்க விடப்பட்டு, வெப்பக் காற்றில் உலர்த்தப்பட்டு, சலிக்கப்பட்டுத் தரம் பிரிக்கப்படுகின்றது. பச்சைக் கொழுந்தின் எடையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் நீராகும். உலர்த்தலின் முடிவில் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று வீதமே எஞ்சும். ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாத பச்சைக் கொழுந்து வேண்டும்.

ஈரம் உள்ளவரை இலையிலிருந்து தூசு எழுவதில்லை. உலர்த்தியிலிருந்து வெளிவந்ததும் நிலைமை மாறுகின்றது. நொறுங்கும் தன்மை பெற்ற இலை சல்லடைகளிலும் தரம்பிரிக்கும் இயந்திரங்களிலும் அதிரும்போது, நுண்ணிய துகள்களோடு இளந்தளிரின் அடிப்புறத்தே உள்ள மென்மயிர்களும் பிரிந்து பஞ்சுபோல் மிதக்கின்றன. சலிக்கும் அறையின் சுவர், உத்தரம், யன்னற்கம்பி, தொழிலாளரின் புருவம் ஆகிய யாவற்றின் மீதும் படியும் பழுப்புநிறப் படலம் இதுவே. தளிரின் மென்மயிர் தேயிலையின் உயர்தரத்துக்குச் சான்றாகக் கருதப்படுவது. சந்தையிற் பொருளின் சிறப்பாக மதிக்கப்படும் ஒன்றே தொழிற்சாலையில் உழைப்பாளியின் மூச்சுவழியை உறுத்தும் பொருளாகவும் அமைகின்றது. பண்டத்தின் மதிப்பும் உழைப்பாளியின் இழப்பும் ஒரே பொருளில் உறைந்திருப்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டுக் காண்டல் அரிது.

இந்நோய் அண்மையிற் கண்டறியப்பட்டதன்று. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்திற் கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய மருத்துவர் அல்டோ கஸ்ரெல்லானி, அல்பேட் சாமர்ஸ் என்பாருடன் இணைந்து எழுதிய வெப்பவலய மருத்துவ நூலின் 1919ஆம் ஆண்டுப் பதிப்பில், இலங்கைத் தேயிலைத் தொழிற்சாலைகளிற் காணப்பட்ட இருமலைத் தனியொரு நோயாகக் குறித்துள்ளார். அவர் அதனைப் பூஞ்சைகளோடும் கிருமிகளோடும் தொடர்புபடுத்தினார். அரை நூற்றாண்டின் பின், 1970இல், மார்பு நோய் நிபுணரான சி. ஜி. உறகொட, தேயிலைப் பஞ்சுத் தூசினால் ஏற்படும் ஈளையைப் பிரித்தானியக் கைத்தொழில் மருத்துவச் சஞ்சிகையொன்றில் விவரித்தார். தேயிலைத் தொழிலாளரின் சுவாச நோய்கள் பற்றிய அவரது விரிவான ஆய்வு 1980இல் வெளிவந்தது. நாட்பட்ட மார்புச்சளியும் ஈளையும் அவர்களிடையே கவனத்துக்குரிய அளவில் உள்ளன என்பதை அது புலப்படுத்தியது. 1990இல் கனடாவில், தேயிலைத் தூசுக்கு ஆட்பட்ட தொழிலாளரிடம் மேற்கொள்ளப்பட்ட சோதனைகளும் தூசுக்கும் ஈளைக்குமுள்ள தொடர்பை உறுதிசெய்தன. யப்பானிய ஆய்வாளர் 1994இல், பச்சைத் தேயிலையினால் வரும் ஈளைக்கு அவ்விலையிலுள்ள கற்றச்சின் வகைப் பொருளொன்றே முதன்மைக் காரணம் எனக் காட்டினர். எனவே இருமலுக்குக் காரணம் வெளியிலிருந்து இலையிற் சேர்ந்த அழுக்கு மட்டுமன்று, இலையின் உட்பொருளும் காரணமாகக்கூடும் என்பது தெளிவாயிற்று.

உறகொட 1970இல் வழங்கிய பெயர் சிந்தனைக்குரியது. 'டீமேக்கரின் ஈளை' என்பதே அது. தோட்டச் சமூகத்தில் 'டீமேக்கர்' என்பவர் தொழிற்சாலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். 'ஐயா' என விளிக்கப்படுபவர். உத்தியோகத்தர் குடியிருப்பில் வாழ்பவர். சல்லடையின் அருகே நாள் முழுவதும் நிற்பவரோ தொழிலாளி. மருத்துவரின் பெயரீட்டில் உள்நோக்கம் இருந்ததென்று கூற எவ்வித ஆதாரமும் இல்லை. அவர் தாம் கண்ட நோயாளியின் தொழிலைக் குறித்தார். பின்னர் தொழிலாளரை நோக்கி ஆய்வை விரித்தவரும் அவரே. ஆயினும் நிபுணரின் முன் முதலில் வந்து அமரும் வாய்ப்பு எவருக்கு இருந்தது என்ற வினா எஞ்சி நிற்கின்றது. நோய் வர்க்க வேறுபாடு பாராது தாக்கலாம். நோய் நிர்ணயம் அவ்வாறு நிகழ்வதில்லை.

4. இரண்டாவது தொழிற்சாலை: லயத்து அடுப்பு

மூச்சுவழி ஒடுங்குவதற்குத் தொழிற்சாலை மட்டுமே காரணம் எனக் கொள்வது முழுமையான பார்வையாகாது. தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையினர் தொழிற்சாலைக்குள்ளன்றி மலையிலேயே வேலை செய்கின்றனர். அவருட் பெரும்பான்மையினர் பெண்கள். அவர்களுடைய இருமலின் காரணத்தை லயத்தில் தேடுதல் வேண்டும்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது லயக் காம்பராவின் வாய்பாட்டளவு. கோப்பிக் காலத்தில் தற்காலிகமாக வந்துபோகும் ஆட்களுக்கென வகுக்கப்பட்ட இவ்வமைப்பு, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நாட்டிய பின்னர், ஆண்டு முழுவதும் தங்கி வாழும் குடும்பங்களுக்கும் நிரந்தரமாகிவிட்டது. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு, பின்னே காற்றோட்டம் குறைந்த ஒரே அறை, புகைபோக்கியற்ற விறகடுப்பு. நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் உள்ளது. அக்குளிரிற் கதவையும் யன்னலையும் அடைத்தே அடுப்பு மூட்டுவர். அடுப்பு அங்கு சமையலுக்கு மட்டுமன்றிக் குளிர்காய்வதற்கும் ஈர உடுப்பை உலர்த்துவதற்கும் உரியது. கவ்வாத்து மிலாறும் ஈர விறகும் எரியும்போது எழும் புகையின் நுண்துகள்கள் சிறிய மூச்சுக்குழாய்களை அடையவல்லவை. புகைபிடிக்கும் வழக்கமற்ற பெண்களிடம் மீளாத மூச்சுவழி ஒடுக்கம் ஏற்படுவதற்கு விறகுப் புகை முக்கிய காரணம் என்பது இன்று உலகளாவிய ஆய்வுகளால் நிறுவப்பட்டுள்ள உண்மையாகும்.

விடிவதற்கு முன் எழுந்து அடுப்பு மூட்டி, பெரட்டுக்குச் சென்று, பனியிலும் மழையிலும் கொழுந்தெடுத்து, மாலையில் மீண்டும் அதே அடுப்பின் முன் அமரும் பெண்ணுக்கு நாளில் இரு முறை வேலைத்தலமாக அமைவது அவ்வறை. அவ்வேலைக்குச் செக்றோலிற் பெயரில்லை, சம்பளமும் இல்லை. அவளருகே தொட்டிலிற் கிடக்கும் குழந்தையும் அப்புகையையே உட்கொள்கின்றது. குழந்தைப் பருவத்தில் அடிக்கடி ஏற்படும் மார்புத் தொற்றுகள் பிற்கால நுரையீரல் வளர்ச்சியைக் குறைக்கின்றன. நெருக்கமான வாழிடம் வேறொரு வகையிலும் வழியை ஒடுக்குகின்றது. தொண்டைக் கிருமித் தொற்று ஒருவரிலிருந்து மற்றவருக்கு எளிதிற் பரவி, சிலரில் வாதக்காய்ச்சலாகி, ஆண்டுகள் கழிந்து இதய வால்வை ஒடுக்குகின்றது. மூச்சிரைப்புடன் வரும் இளம் தாய் ஒருத்தியின் நோய் நுரையீரலிலோ இதயத்திலோ எங்கு தோன்றியிருப்பினும், அதன் வேர் ஒரே காம்பராவின் நெருக்கத்துக்குச் செல்வது சாலும்.

5. 'குளிர்' என்னும் விளக்கம்

தோட்டங்களில் இருமலும் இழுப்பும் எதனால் வருகின்றன என வினவின், "குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். இவ்விளக்கத்தில் உண்மையின் கூறு ஒன்றுண்டு. குளிர்காற்று, ஏற்கெனவே அழற்சியுற்ற மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்யும். ஆனால் குளிர் தூண்டுகோல் மட்டுமே. அதே குளிரில், அதே மலையில், பங்களாவில் வாழ்ந்தோர்க்கு அது உடலை வளர்க்கும் தட்பவெப்பமாயிற்று. நுவரெலியாவை வெள்ளையர் உடல்நலம் தேறும் வாசஸ்தலமாகவே வளர்த்தனர். ஒரே குளிர் ஒருவர்க்கு மருந்தாகவும் மற்றவர்க்கு நோயாகவும் அமையுமாயின், வேறுபாடு குளிரில் இல்லை, குளிருக்கும் உடலுக்கும் இடையே நிற்கும் சுவரிலும் கூரையிலும் அடுப்பிலும் உடுப்பிலுமே உள்ளது. சமூகக் காரணத்தை இயற்கைக் காரணமாக மாற்றிக் காட்டுதல் கருத்தியலின் பழைமையான தொழில். இங்கு அது ஒரு நோயின் விளக்கத்துள் அமைதியாகப் புகுந்துள்ளது.

இத்திரையை விலக்குவதற்கு ஓர் எளிய வினா போதும். 1700இல் இத்தாலியின் மொடெனாவில் தொழிலாளர் நோய்கள் பற்றிய முதல் விரிவான நூலை வெளியிட்ட பேர்ணாடினோ ராமசீனி, நோயாளியிடம் மருத்துவர் வழமையாகக் கேட்கும் கேள்விகளோடு அவரது தொழில் யாது என்பதையும் சேர்த்துக் கேட்டல் வேண்டும் என அறிவுறுத்தினார். தானியம் சலிப்போரின் மூச்சுத்திணறல் பற்றி அவர் எழுதியது, தேயிலை சலிப்போருக்கும் பொருந்துவது. ஈளையைப் பொறுத்தவரை இவ்வினாவோடு இன்னொன்றையும் சேர்க்கலாம்: வேலையற்ற நாட்களில் மூச்சு இலகுவாக உள்ளதா? ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா விடுமுறையும் இழுப்பைக் குறைக்கின்றனவெனின், சலிக்கும் அறையையே முதலில் ஐயுறுதல் வேண்டும். ஊதும் கருவி ஒன்றினால் வேலைக்கு முன்னும் பின்னும் வெளிமூச்சின் வேகத்தை அளந்து குறித்துவரின் ஐயம் சான்றாகிவிடும். இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. கேட்கவேண்டும் என்ற எண்ணமே வேண்டியது.

மார்க்சியம் மருத்துவச் சான்றைப் புறக்கணித்ததில்லை என்பதும் இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய நூலில், ஷெபீல்ட் நகரில் எஃகுக் கருவிகளுக்குச் சாணை பிடிப்போரின் ஈளையை அந்நகர மருத்துவரின் சான்றோடு விவரித்தார். ஈரச் சாணையில் வேலை செய்தோரிலும் பார்க்க உலர் சாணையில் வேலை செய்தோர் விரைந்து மடிந்தனர் என்பது அவர் காட்டிய உண்மை. தொழில் ஒன்றே, முறைதான் வேறு. முறை மாறின் மரணமும் தள்ளிப்போகும். 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதற் பாகத்தில் வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் மட்பாண்டத் தொழிலாளரின் மார்பு நோய்களை மார்க்ஸ் மருத்துவர் வாக்குமூலங்களைக் கொண்டே நிறுவினார். உழைப்பாளியின் நுரையீரல், உற்பத்தி உறவுகளைப் படித்தறிவதற்குரிய ஆவணங்களுள் ஒன்று என்பதை அவ்விருவரும் உணர்ந்திருந்தனர்.

6. இலக்கியம் நின்ற இடம்

மலையக இலக்கியம் தன் மக்களின் துயரைப் பாடியதில் எவர்க்கும் பின்னிற்கவில்லை. கோ. நடேசய்யரும் மீனாட்சியம்மையும் பாட்டையும் துண்டுப் பிரசுரத்தையும் கருவியாக்கினர். சி. வி. வேலுப்பிள்ளை கவிதையிலும் நாவலிலும் இம்மக்களின் வரலாற்றைப் பதித்தார். என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' மலையிற் கொழுந்தெடுக்கும் பெண்ணை இலக்கியத்தின் மையத்துக்குக் கொணர்ந்தது. தெளிவத்தை ஜோசப்பின் 'மீன்கள்' ஒரே காம்பராவுள் முழுக் குடும்பமும் அடைபடும் அவலத்தைக் கூறிற்று. ஆயினும், பொதுவாக நோக்குமிடத்து, நம் எழுத்து கொழுந்துக் கூடையோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றது. கொழுந்தோ நிற்பதில்லை, அது ஸ்டோருக்குச் செல்கின்றது, உலர்கின்றது, தூசாகின்றது, சுவாசத்துள் புகுகின்றது. நிறுவை மடுவத்துக்கு அப்பால் நிகழ்வதைக் கூறும் படைப்புகள் இன்னும் வேண்டப்படுகின்றன.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் அவசியம். மூச்சுத்திணறலை ஒடுக்குமுறையின் உருவகமாக்குவது எழுத்தாளனுக்கு மிக எளிது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தையும் லயத்தையும் நுரையீரலையும் ஒரே படிமத்தில் இணைத்துவிடலாம். ஆனால் உருவகமாகிய நோய்க்கு மருந்தில்லை. அது வாசகனின் இரக்கத்தோடு முடிந்துவிடும். உண்மையான நோய்க்குத் தூசுறிஞ்சி உண்டு, புகைபோக்கி உண்டு, மருந்து உண்டு. கதையில் வரும் கிழவர் இருமும்போது அது முதுமையின் அடையாளமா, இருபது ஆண்டு சல்லடையின் அடையாளமா என்பதை எழுதுபவர் அறிந்திருத்தல் வேண்டும். யதார்த்தவாதம் என்பது இவ்வளவே.

7. செய்யக்கூடியன

தூசை அது எழும் இடத்திலேயே அகற்றுதல் முதன்மையானது. சல்லடைகளை மூடி அமைத்தலும், உறிஞ்சு குழாய்களைப் பொருத்தலும், அறையைப் பெருக்குவதற்குப் பதிலாக உறிஞ்சித் துப்புரவு செய்தலும் அறியப்பட்ட முறைகள். 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூசு அகற்றலைத் தொழில் நடத்துவோரின் கடமையாக்கியுள்ளது. முகமூடி துணைக்கருவியே. அதனை மட்டும் கொடுத்து அமைதல், பாதுகாப்பின் பொறுப்பை முகாமையிலிருந்து தொழிலாளியின் முகத்துக்கு மாற்றுவதாகும். 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களின் பின் அரச கூட்டுத்தாபனங்களும், 1992இன் பின் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளும் பொறுப்பேற்றன. உடைமை கைமாறியபோதெல்லாம் சல்லடைக்கும் தொழிலாளிக்கும் இடையிலுள்ள தூரம் தானாக மாறிவிடவில்லை என்பதைத் தொழிற்சங்கங்கள் கருத்திற்கொள்ளல் வேண்டும். சம்பளக் கோரிக்கையோடு தூசுக் கோரிக்கையும் பேச்சுமேசைக்கு வருதல் வேண்டும்.

வாழிடத்தில் புகைபோக்கியோடு கூடிய அடுப்பும் தனியான சமையலறையும் மருத்துவத் தேவைகளாகவே கணிக்கப்படல் தகும். மருந்தைப் பொறுத்தவரை, மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூற்றமோல் 1969இலும், அழற்சியைத் தணிக்கும் உள்ளிழு மருந்து 1972இலும் உலகச் சந்தைக்கு வந்தன. மருந்து மலிவாக மக்களைச் சென்றடைதல் வேண்டுமென்ற கொள்கைக்கு இந்நாட்டிலேயே வழிகாட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவரது சிந்தனையின் பயன். விரிக்கும் மருந்து உடனடி ஆறுதல் தரும். அழற்சி தணிக்கும் மருந்தை நாள்தோறும் பாவித்தாலே நோய் கட்டுப்படும். முன்னதை மட்டும் அவ்வப்போது பெற்றுச் செல்லும் நோயாளி, குணமடைந்ததாக எண்ணி மீண்டும் சல்லடைக்கே திரும்புகின்றார் என்பதை எடுத்துரைத்தல் தோட்ட மருத்துவசாலைகளின் பணி.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், தொழிலால் நோயுற்றோரும் நட்டஈடு பெறலாம் என்ற கோட்பாட்டை ஏற்றுள்ளது. ஆயின், நோய்ச்சீட்டில் 'சளி' என்று மட்டும் எழுதப்பட்டவருக்கு அக்கோட்பாடு கைகொடுக்காது. தொழிலின் பெயர் நோயின் பெயரோடு ஒரே வரியில் எழுதப்படும்போதே அது உரிமையாக மாறுகின்றது. எனவேதான் பெயரிடுதல் பற்றி இவ்வளவு கூற நேர்ந்தது. மலைநாட்டின் இருமலுக்குக் குளிர் என்று பெயரிட்டுக் காலம் கழித்தோம். அதற்குத் தூசு என்றும் புகை என்றும் பெயரிடுவோமாயின், அகற்றப்படவேண்டியது எது என்பது அப்பெயரிலேயே விளங்கிவிடும்.